லிஃப்ட்டில் கேட்கும் மன்னிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார், சிங்கப்பூரில் இனவாதம் என்று ஒன்று இல்லவே இல்லை, தொட்டாற்சிணுங்கிகள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், அவர்கள்தான் எதற்கெடுத்தாலும் ஃபேஸ்புக்கில் போட்டுப் புலம்புகிறார்கள் என்று. கோப்பி ஆறும்வரை அதையே இரண்டு தடவை படித்தேன். அவர்மேல் கோபம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், சும்மா வீட்டில் உட்கார்ந்து சொல்லவில்லை, வேலை மெனக்கெட்டு சனிக்கிழமை சாயங்காலங்களில் புளோக் புளோக்காக ஏறி இறங்கிச் சொன்னேன்.

நான் ஜூரோங் வெஸ்ட் பக்கம் ஒரு தொண்டூழியர். வயது 59. 2008இல் வசிப்போர் குழுவில் சேர்ந்தேன். தீபாவளிக்கு வடை சுட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன், அப்படியே ஒட்டிக்கொண்டேன். அப்புறம் இன, சமய நல்லிணக்கத்துக்கான குழு இருக்கிறதே, 2001 செப்டம்பர் 11க்கும் இங்கே நடந்த ஜெமா இஸ்லாமியா பயங்கரவாத அமைப்பினரின் கைதுகளுக்கும் பிறகு 2002இல் தொகுதிக்குத் தொகுதி ஆரம்பித்தார்களே, அதிலும் இழுத்துவிட்டார்கள். குழுவில் இந்தியர் ஒருவர் இருக்கவேண்டும், அந்தக் கணக்குக்கு நான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தேதான் போனேன், போன இடத்தில் வேலை பிடித்துப்போய்விட்டது.

என்ன வேலை என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்தால் சீனர்கள் முன்னோர்களுக்குக் காகிதம் எரிப்பார்கள், சாம்பல் பறந்துபோய்க் கீழ்வீட்டுக் கழியில் காயும் துணியில் விழும். வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், மலாய்க் கல்யாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கொம்பாங் மேளம் அடிப்பார்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர் எழுந்து வந்து கத்துவார். நம் வீடுகள் என்றால் விடிகாலைப் பூசை மணி, சாம்பிராணி, கருவாடு. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரர்மேல் புகார் சொன்னால், அது போலீஸ் வரைக்கும் போய் நாறாமல், மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டிப் பேசி முடிப்பதுதான் நாங்கள் செய்வது. ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழச்சி. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிப் பாடப்புத்தகத்தின் அட்டைப்படம் எழுந்து நடந்து வருவது மாதிரி இருக்கும்.

இந்த மூன்று பேர் கணக்கு எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங்கை நோக்கிப் போகும்போது கலவரம் மூண்டது. அந்த ஒரு சுற்றில் மட்டும் 23 பேர் செத்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் மறுபடியும், 13 பேர். என் அப்பா அப்போது கேலாங்கில் ஒரு லோரோங்கில் (சந்தில்) குடியிருந்தார், 22 வயது, துறைமுகத்தில் வேலை. ஆகஸ்ட் 2 வரைக்கும் ஊரடங்கு, நடுநடுவே கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள், அரிசி வாங்க ஓடவேண்டும். அந்த நாட்களில்தான் வட்டாரத்துக்கு வட்டாரம் நல்லெண்ணக் குழு என்று போட்டார்கள். ஒரு சீனக் கடைக்காரர், ஒரு மலாய்ப் பெரியவர், நடுவில் என் அப்பா. மூன்று பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால் போதும், வேறொன்றும் செய்யவேண்டாம், சனங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைத் திறப்பார்கள். அப்பா சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்வார். அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்: "ரெண்டு பக்கமும் என்னை நம்புனாங்க. ரெண்டு பக்கமும் என்னைக் கெலிங்னுதான் கூப்பிட்டாங்க."

கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் அது வெறும் பெயர்தான், வசை இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் இன்றைக்கு சூலியா ஸ்திரீட் என்று இருக்கும் தெருவுக்கே முன்பு கிளிங் ஸ்திரீட் என்றுதான் பெயர், நம் ஆட்கள் வேண்டாம் என்று சொல்லித்தான் மாற்றினார்கள். அப்பா காலத்தில் அது முழுக்க வசையாகிவிட்டிருந்தது. சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஒரு வருடம் ஏழாம் மாதம். ஒன்பதாம் மாடியில் ஒரு சீனப் பெரியவர், தன் வீட்டு வாசலிலேயே, காரிடாரில், பிஸ்கட் டின்னில் காகிதம் எரிக்கிறார். எட்டாம் மாடியில் மலாய்க் குடும்பம், அவர்கள் குழந்தைக்கு ஆஸ்துமா. கீழே எரிப்பதற்கென்றே பெரிய தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் எரிக்கச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் விஷயம். மூன்று பேரும் போனோம். கம்பிக் கதவுக்குப் பின்னால் பெரியவர், அவர் காலைக் கட்டிக்கொண்டு நாலு வயதுப் பேத்தி, கன்னம் உப்ப சோற்றை அடக்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் நிற்கிறது. எங்கள் சீன நண்பர்தான் பேச ஆரம்பித்தார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், அப்புறம் குனிந்து குழந்தையிடம் ஹொக்கியனில் சொன்னார்: சீக்கிரம் முழுங்கு, இல்லாவிட்டால் இந்த அப்புநேநே உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அப்புநேநே என்பது இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்.

எனக்கு ஹொக்கியன் புரியும். கேலாங்கில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புரியாமல் எப்படி? குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே மடக்கில் விழுங்கியது. அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரியவர் அதோடு விடவில்லை, என் வாசலுக்கு எதற்குக் கறுப்புகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாய், உனக்குத் தனியாக வரத் தெரியாதா என்று நண்பரிடம் கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே தொட்டியைப் பற்றிப் பேசினார். பத்து நிமிடத்தில் பெரியவர் ஒத்துக்கொண்டார், இனிமேல் கீழேயே எரிக்கிறேன் என்றார். எங்களுக்கு வெற்றி.

லிஃப்ட்டில் (நீங்கள் மின்தூக்கி என்று திருத்திவிடுவீர்கள், நாங்கள் லிஃப்ட் என்றுதான் சொல்கிறோம்) கதவு மூடியதும் நண்பர் என் பக்கம் திரும்பி, "சாரி சிஸ்டர், வயசானவர், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நடிப்பில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். எங்கள் மலாய்த் தோழி, அவரைக் கக்காக் (மலாயில் அக்கா) என்றுதான் கூப்பிடுவோம், என் கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை பரவாயில்லை என்றேன் நான். ராத்திரி அறிக்கை எழுதினோம்: இருதரப்பும் தங்கள் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டன, இணக்கமான தீர்வு எட்டப்பட்டது. என்னை என்ன சொன்னார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அதையும் எழுதலாமே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஆன்ட்டி, முடிஞ்ச விஷயத்தைப் பெருசாக்க வேண்டாமே" என்றார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது என் அம்மா, காராங் குனிக்காரச் சீனன் சாக்கோடு வருகிறான், சாப்பிடாத பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு போவான் என்றுதான் மிரட்டுவார். அந்த ஆள் பழைய பேப்பர் எடுக்க எங்கள் வாசலுக்கு வருவார், நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அவருக்குத் தமிழ் புரிந்திருக்குமோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஜூலை 21. 1997இலிருந்து பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறோம், பிள்ளைகள் சேலையும் சியோங்சாமும் பாஜு குரோங்கும் மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு வருவார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும், கிண்டல் செய்யவில்லை. எங்கள் வட்டாரத்திலும் கீழ்த்தளத்தில் கொண்டாடுவோம். எனக்கு வருடாவருடம் ஒரே வேலை, கோலம், மருதாணி, வடை. ஒரு வருடம் 300 வடை. முந்தின ராத்திரியே உளுந்து ஊறப்போட்டு, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அரைத்து, மாவு புளிப்பதற்குள் சுட்டுச் சுட்டு எடுத்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நின்று முழங்கால் விட்டுப்போய்விட்டது. எல்லாம் முடிந்து கடைசியில் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்க நின்றோம். பொழுது சாய்ந்துவிட்டது, வெளிச்சம் கம்மி. மைக் பிடித்திருந்த பையன், நல்ல பையன், எனக்கு மிகவும் பிடித்த பையன், எல்லோரும் கேட்க மைக்கிலேயே சொன்னான்: "ஆன்ட்டி, பல்லைக் காட்டுங்க, இல்லாட்டி இருட்டுல நீங்க தெரிய மாட்டீங்க!" நூறு பேர் சிரித்தார்கள். தலைக்கு மேலே இன நல்லிணக்க நாள் என்று நாலு மொழியில் பேனர்.

நானும் சிரித்தேன். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் எல்லோரையும்விட நான்தான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பையன்மேல் வராத எரிச்சல் எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் வருகிறது. ஏன் சிரித்தாய் என்று என் மகள் கேட்டாள். சிரிக்காவிட்டால் அந்த நாளே கெட்டுப்போகும், 300 வடையும் வீண் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மகளைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கல்யாணம் முடிந்து, அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்குக் காத்திருந்த காலத்தில் வாடகைக்கு வீடு தேடினார்கள். போனில் பேசும்போது எல்லாம் சுமுகமாகப் போகும், அவள் ஆங்கிலத்தைக் கேட்டு முகவருக்கு என்ன தோன்றுமோ, சாவி எப்போது வேண்டும் என்கிற அளவுக்குப் போய்விடுவார், பெயரைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம், அப்புறம் வீட்டுக்காரருக்குச் சமையல் வாடை ஆகாதாம். இத்தனைக்கும் என் மகளுக்கு மேகி மீயைத் தாண்டிச் சமைக்கத் தெரியாது. இப்படி நாலைந்து வீடு. இதை நான் மட்டும் சொல்லவில்லை, 2021 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே, வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் சிறுபான்மையினருக்குச் சிரமம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அதற்கப்புறமும் தொட்டாற்சிணுங்கி என்றால் என்ன சொல்வது?

வீவக வீடுகளில், அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில், 1989இலிருந்து இன விகிதாசாரக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர்கள் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மலாய்க்காரர்கள் 25, இந்தியர்களும் மற்றவர்களும் 15 (2010 வரை அது 13ஆக இருந்தது). வீட்டை விற்கப்போகும்போது இதனால் நம்மவர்கள் சிலருக்கு அடி விழுகிறது, உண்மைதான், ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறவள். இது இல்லையென்றால் எனக்கு மேல்வீட்டில் சீனரும் எதிர்வீட்டில் மலாய்க்காரரும் இருந்திருக்கமாட்டார்கள், எனக்குச் சண்டை போடவும் ஆள் இருந்திருக்காது. ஆனால் விகிதம் பக்கத்து வீட்டில் ஆளைக் கொண்டுவந்து வைக்கும், அதோடு சரி. மீதி வேலைக்குத்தான் சனிக்கிழமைகளில் நாங்கள் போவது.

2021 மே மாதம். கொரோனாவின் புது வகையை எல்லோரும் இந்திய வகை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண்மணியை, முகக்கவசம் சரியாக இல்லை என்று ஆரம்பித்து இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சில் உதைத்தார் ஒருவர். 2023இல் அவருக்கு மூன்று வாரச் சிறையும் 13 வெள்ளி 20 காசு இழப்பீடும் விதித்தார்கள். அந்தச் சமயம் நாங்கள் மேசை போட்டு, வயதானவர்களுக்குத் தடுப்பூசிக்குப் பதிவுசெய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். என் மேசைக்கு முன்னால் யாருமில்லை, பக்கத்து மேசையில் ஏழெட்டுப் பேர் வரிசை. இங்கே வாருங்கள் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு அடி பின்னால் போய், உன் ஊருக்குத் திரும்பிப் போ, வியாதியைக் கொண்டுவந்து விட்டீர்கள் என்றார். என் ஊர் கேலாங், திரும்பிப் போவதென்றால் எம்ஆர்டி ரயில் பிடித்து அல்ஜுனிட்டில் இறங்கவேண்டும், அங்கேயும் இப்போது யாரும் இல்லை.

அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது. "நான் சிங்கப்பூரியன், இங்கேயே பிறந்தவ" என்றேன். கேட்க ரோஷமாக இருக்கிறதல்லவா. யோசித்துப் பார்த்தால், போன வருடம் சென்னையிலிருந்து வந்த பெண்ணாக இருந்தால் நீ அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், என்னைச் சொல்லாதே என்றுதானே அர்த்தம். 2005இல் இந்தியாவோடு போட்ட பொருளியல் ஒப்பந்தத்தின் சுருக்கப்பெயர் சீக்கா, அதையே இப்போது மனிதர்களைத் திட்டும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள், அந்தச் சொல்லை நம் வாட்ஸ்அப் குழுக்களில் நம்மவர்களே ரசித்து ரசித்துப் போடுகிறார்கள். திட்டுகிறவன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

அப்புறம் நம் பக்கத்து வசவுகள். சீனனுக்கு ஜால்ரா, படம் பிடிக்க நிற்கிற பொம்மை, கூலி வாங்காத கூலி. இதெல்லாம் நான் நேரில் வாங்கிய பட்டங்கள், கடைசியாகச் சொன்னதைச் சொன்னவர் என் சொந்த மச்சினர். 2011 ஆகஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டுக் கறி வாடை ஒத்துக்கொள்ளவில்லை, சமூக சமரச நிலையத்துக்குப் போனார்கள், அவர்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். நானும் மீன்தலைக்கறி வைத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன், நல்ல நாள்தான் அது. ஆனால் அந்த விவகாரம் பல வருடத்துக்கு முன்னால் நடந்தது என்றும், அந்த யோசனையைச் சொன்னதே இந்தியக் குடும்பம்தான், பதிலுக்கு ஒரு தடவையாவது எங்கள் கறியைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டார்கள் என்றும் சட்ட அமைச்சு பிற்பாடு விளக்கியது. அதற்குள் சமரசம் செய்தவரைக் கிழித்துத் தொங்கவிட்டாகிவிட்டது. எனக்கு மட்டும் வேறொன்று குடைந்தது. அந்த இந்தியக் குடும்பம் அதை மனசார சொல்லியிருக்குமா, அல்லது அந்த மேசையில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் வீட்டுக்குப் போகமுடியும், அது நாமாகத்தான் இருக்கவேண்டும் என்று தெரிந்து சொல்லியிருக்குமா? அவர்கள் மனசு எனக்கு எப்படித் தெரியும். என் மனசு தெரியும். அந்த ஒன்பதாம் மாடியில் நான் பரவாயில்லை என்றது எப்படிப்பட்ட பரவாயில்லை என்று தெரியும்.

இத்தனையும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியமில்லை.

இரண்டு வருடம் இருக்கும். மலாய்க் கல்யாணச் சத்தத்தைப் பற்றி இரண்டாம் மாடித் தமிழர் ஒருவர் புகார் கொடுத்தார். நானும் கக்காக்கும் மட்டும் போனோம். வாங்கம்மா உட்காருங்க என்று எனக்கு நாற்காலி போட்டார், கக்காக்குக்குப் போடவில்லை. அப்புறம் தமிழில் ஆரம்பித்தார். இந்த மலாய்க்காரனுங்களுக்கு வேற என்ன வேலை, சோம்பேறிக் கூட்டம், கடன் வாங்கியாவது கல்யாணம் பண்ணணும், மறுநாளே அரசாங்கத்துக்கிட்டக் கையேந்தணும் என்று ஐந்து நிமிடம். கக்காக் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று அந்த ஆள் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். பேச்சு திரும்பும் வரை காத்திருந்து, எத்தனை மணிக்குக் கொம்பாங் அடித்தால் உங்களுக்குச் சரி என்று கேட்டேன். பத்தரைக்கு மேல் சரி என்றார். வெற்றி.

லிஃப்ட்டில் கக்காக் சொன்னார், தமிழில்: "எனக்கு வெளங்குச்சு." ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினொரு வருடம் தமிழ்ப் பெண்களோடு வேலை பார்த்தாராம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? சாரி கக்காக், வயசானவர், மனசுல வச்சுக்காதீங்க.

அதே வாக்கியம், அட்சரம் பிசகாமல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை சீன நண்பர்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது, கதவு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டாம் மாடியில்தான் தெரிந்தது. எனக்குப் போட்ட நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே.

அடுத்த வாரம் கோப்பிக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை, அதற்கு முன்னால் ஒரு நாளும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை, நல்லிணக்கக் குழு என்று பெயர். ஒரு முடிவுக்கு வந்தோம்: இனிமேல் லிஃப்ட்டில் மன்னிப்புக் கேட்பது கிடையாது. யார் வீட்டுக்குப் போகிறோமோ, அந்த இனத்தைச் சேர்ந்தவர்தான் அங்கேயே, அந்தக் கதவு முன்னாலேயே பேசவேண்டும். கத்தவேண்டாம், பாடம் நடத்தவேண்டாம், இவரை அப்படிச் சொல்லாதீர்கள், உங்கள் விஷயமாகத்தான் வந்திருக்கிறார், இவ்வளவு போதும். அப்புறம், சொன்னதைச் சொன்னபடி அறிக்கையில் எழுதவேண்டும், கட்டம் இல்லையென்றால் பின்பக்கத்தில்.

நடந்தது என்ன என்று கேட்டால், முதல் தடவையே சொதப்பல். காரிடாரில் செருப்பு அலமாரி வைக்கிற சண்டை, சீன வீடு, வீட்டம்மா என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்து ஏதோ சொன்னார், நண்பர் சொன்னார், ஆன்ட்டி இப்படிப் பேசினால் நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுகிறோம் என்று. குரல் நடுங்கியது அவருக்கு. அந்த அம்மா படாரென்று கதவைச் சாத்திவிட்டார். செருப்பு அலமாரி இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தீர்வு எட்டப்படவில்லை என்று எழுதினோம், பின்பக்கத்தில் காரணத்தையும் எழுதினோம், ஏன் முடியவில்லை என்று மேலே கேட்டார்கள், பின்பக்கத்தைப் பாருங்கள் என்றோம். கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் யாரும் பேசவில்லை. நண்பர் மட்டும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதா நிறைவேறியது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியவரை உடனே வழக்கில் இழுக்காமல், அவர் சம்மதித்தால் அந்தச் சமூகத்தோடு பழகித் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுக்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் பழகுவது என்றால் யாரோடு? என்னை மாதிரி ஒருத்தியைத்தான் எதிரில் உட்காரவைப்பார்கள். உட்காருவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்தில் அவர் இனத்து ஆள் ஒருவரும் உட்காரட்டும், நான் பேசுவதற்கு முன்னால் அவர் பேசட்டும் என்றுதான் கேட்கிறேன். பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லித் தருகிறார்கள், பொறுமையாக இருக்கச் சொல்லித் தருகிறார்கள், எல்லாம் சரி, பக்கத்தில் நிற்பவரைத் திட்டும்போது வாய் திறப்பது எப்படி என்று ஒரு வகுப்பும் நான் பார்த்ததில்லை.

அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் ஆள் குறைவு, உங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வு என்றால் ஒரு நாள் எங்களோடு வந்து சும்மா நின்று பாருங்கள், ஆசிரியரிடம் என் முகவரி இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை மறுபடியும் அந்த ஒன்பதாம் மாடிக்குப் போகவேண்டியிருக்கிறது. பெரியவர் இப்போது இல்லை, போன வருடம் தவறிவிட்டார், பேத்தி தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள், புகார் வேறு, ஏர்கான் தண்ணீர் சொட்டுகிறதாம். முதலில் நண்பர் கதவைத் தட்டுவதாகப் பேச்சு.

இப்படிக்கு,
ஒரு தொண்டூழியர்,
ஜூரோங் வெஸ்ட்.

(பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை. என் பெயரைப் போட்டால் எந்த புளோக், எந்த மாடி என்று எங்கள் வட்டாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மைக் பிடித்த அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அவனிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.)